தேர்ச்சி விகிதம் இந்தப் பிள்ளைகளுக்கு அளவுகோல் அல்ல

சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்கும் தேர்ச்சி விகிதம் பார்த்தே உயர்நிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது, பள்ளித் தேர்வு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. நூறு சதவீதம் காட்டுவதற்காக ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பும் பள்ளிகளும் இருக்கின்றன. அந்த எண்ணை நம்பாதீர்கள்.

டிஸ்லெக்சியா (படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) உள்ள பிள்ளை என்றால், "போன வருஷம் பத்தாம் வகுப்பில் எத்தனை பேருக்குச் சலுகை வாங்கினீர்கள்?" என்று தலைமை ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள். தமிழ்நாடு பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. ஆனால் விண்ணப்பம் மருத்துவச் சான்றிதழோடு பள்ளி வழியாகத்தான் தேர்வுத்துறைக்குப் போக வேண்டும். அனுப்பிப் பழகாத பள்ளி கடைசி நேரத்தில் தடுமாறும்.

அதைவிட முக்கியம் பயிற்சி. விடை தெரிந்த பிள்ளைகூட, வாயால் சொல்லி எழுதவைக்கப் பழகாவிட்டால் தேர்வறையில் திணறும். "அடுத்த வரி", "முற்றுப்புள்ளி", "படத்தில் இந்தப் பாகத்தைக் குறியுங்கள்" என்று சொல்லவே தனிப் பழக்கம் வேண்டும். ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தேர்விலிருந்தே இதற்கு ஆள் போடும் பள்ளியாகப் பாருங்கள்.

சக்கர நாற்காலியில் செல்லும் பிள்ளை என்றால் அளவு டேப்போடு போங்கள். சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், கழிப்பறைக் கதவு 90 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். அறிவியல் ஆய்வகம் எந்த மாடியில் என்றும் பாருங்கள். பல இடங்களில் சாய்தளம் அலுவலக வாசலோடு நின்றுவிடுகிறது.

இடமில்லை என்று மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 31ஆம் பிரிவு உரிமை தருகிறது.