காப்பீட்டு அட்டை எல்லாருக்கும் கிடையாதுங்க

அண்ணா, "தமிழ்நாட்டுல எல்லாருக்கும் 5 லட்சம் காப்பீடு இருக்கு, இனிமே விரிவுபடுத்த என்ன இருக்கு"ன்னு போட்டிருக்கீங்க, அது சரியில்லங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு இருக்கு. முன்னாடி குடும்பத்துக்கு வருசம் 72,000, 2022ல தான் 1,20,000 ஆக்குனாங்க. அதாவது மாசம் 10,000. கோத்தகிரி பக்கம் புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கொழுந்து பறிக்கப் போனாலே அதைத் தாண்டிருமே, அவங்கள்லாம் பணக்காரங்களா சொல்லுங்க? 70 வயசு தாண்டுனவங்களுக்கு வருமானம் பாக்காம காப்பீடு 2024 அக்டோபர்ல ஒன்றிய அரசு கொண்டுவந்துச்சு, அதுவும் அந்த வயசுக்காரங்களுக்கு மட்டும்தான்.

இன்னொன்னு, அந்த 5 லட்சம் பட்டியல்ல உள்ள ஆபரேஷன், அட்மிட் ஆகிப் பாக்குற வைத்தியம் இதுக்குத்தான். காய்ச்சல்னு கிளினிக் போய் ஊசி போட்டு மாத்திரை வாங்குனா அது நம்ம கைக்காசுதான், கூடலூர்ல இருந்து கோயம்புத்தூருக்கு ஓடுனா பஸ் காசும் வேலைக்குப் போகாம விட்ட கூலியும் எந்தக் கணக்குலயும் வராது.

ஆனா அட்டை இல்லன்னு யாரும் வீட்டுலயே கெடக்காதீங்க, ஊட்டி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயோ வேற ஜிஹெச்லயோ அட்டை இல்லாமலே இலவசமா பாப்பாங்க. வரம்புக்குள்ள இருக்கவங்க ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துல இப்பவே பதிஞ்சு வைங்க.