எங்கள் ஆயாவைப் படத்திலிருந்து வெட்டிவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள்

ஒரு வாரம் ஆகியும் கோபம் அடங்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

போன மாதம் பள்ளத்தூர் வீட்டில் அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் (அப்பாவையும் அம்மாவையும் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அறுபதாம் கல்யாணம். செட்டிநாட்டு வீடுகள் எப்படி என்று தெரியும்தானே? முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், வருடத்தில் பாதி நாள் பூட்டு. கோலாலம்பூரில் ஒருத்தர், கோயம்புத்தூரில் ஒருத்தர், சென்னையில் நாலு பேர் என்று சிதறிக் கிடக்கிறோம். இப்படி ஒரு விசேஷம் வந்தால்தான் எல்லோரும் ஒரே நாளில் அந்த வீட்டில் சோறு தின்பது.

அன்று வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், எல்லோரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்தோம். நாற்காலியில் 12 பேர், பின்னால் நின்றவர்கள் 12 பேர். எங்கள் பாட்டி, ஆயா, இடது ஓரத்து நாற்காலியில், தூணை ஒட்டி. வெயில் படாத இடம் வேண்டும் என்று அவர்களே கேட்டு உட்கார்ந்தார்கள். இந்த 24 பேரும் மறுபடி எப்போது சேர்ந்து நிற்கப் போகிறோம்?

முகப்பில் மாட்டுவதற்காக, காரைக்குடியில் ஒரு கடையில் பிரிண்ட் எடுத்துப் பிரேம் போடக் கொடுத்தேன். வாங்கி வந்து முதலில் ஆயாவிடம்தான் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். கடைசியில் கேட்டார்கள்: "ஏம்ப்பா, நான் எங்க இருக்கேன் இதுல?"

ஆயா அதில் இல்லை. ஒரு முழங்கை மட்டும் இருந்தது. அவர்களுக்குப் பின்னால் நின்ற அண்ணன் மகன் இல்லை. வலது ஓரத்தில் இருந்த இருவரும் இல்லை.

கடையில் போய்க் கேட்டால், "10க்கு 8 பிரேம்ண்ணே, ஓரம் கொஞ்சம் போகத்தான் செய்யும்" என்கிறார்கள். கொஞ்சமா? அந்தக் கேமராப் படத்தில் அகலம் 3 பங்கு என்றால் உயரம் 2 பங்கு. உயரத்தை 8 அங்குலம் ஆக்கினால் அகலம் 12 அங்குலம் வந்து நிற்கும். அதை 10 அங்குலத்துக்குள் திணிக்க, பக்கத்துக்கு ஓர் அங்குலம் வெட்டியிருக்கிறார்கள். ஆறில் ஒரு பங்கு! வரிசைக்கு 12 பேர் இருக்கும் படத்தில் வரிசைக்கு இரண்டு பேர் காலி. வெட்டுவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுக் கேட்க முடியாதா? அந்த ஓரத்தில் இருப்பது யார் என்று ஒரு நிமிடம் பார்க்கத் தோன்றாதா?

சரி, ஒருத்தரையும் வெட்டாமல் போட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் கொடுத்தது அதைவிடக் கொடுமை. 24 பேரும் இருந்தார்கள், ஒருத்தரும் அவராக இல்லை. 12 அங்குலப் படத்தை இரண்டு பக்கமும் நெருக்கி 10 ஆக்கியிருக்கிறார்கள், உயரத்தைத் தொடவே இல்லை. அப்பச்சியின் உருண்டை முகம் வெள்ளரிக்காய் போல நீண்டு கிடக்கிறது. ஆத்தாவுக்குத் தோள் ஒடுங்கிவிட்டது. பின்சுவரில் இருந்த வட்டக் கடிகாரம் முட்டையாகிவிட்டது. அந்தக் கடிகாரத்தைத்தான் தொட்டுக் காட்டினேன். அதற்கு வந்த பதில்: "நல்லாத்தானே இருக்கு, யாருண்ணே இதையெல்லாம் கவனிக்கப் போறா?"

நான் கவனிக்கிறேன். என்னைப் பெற்றவர்களின் முகம் அது.

இந்த "யார் கவனிக்கப் போறா" எல்லா இடத்திலும் புகுந்துவிட்டது. பழைய கல்யாண கேசட்டை அகலமான புது டிவியில் போட்டு, திரை முழுக்க நிரம்பும்படி இழுத்து வைக்கிறார்கள். அகலமும் உயரமும் 4:3 என்ற விகிதத்தில் இருந்த படம் 16:9 ஆகும்போது ஒவ்வொரு ஆளும் மூன்றில் ஒரு பங்கு பருத்துப்போகிறார். குச்சி மாதிரி இருந்த என் பெரியப்பாவை, குண்டாக இருந்தவர் என்றே பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விசேஷத்துக்கு வைத்த பிளெக்ஸிலும் இதே கதைதான். பந்தக்கால் பக்கத்தில் நின்று அதைப் பார்க்கவே எனக்கு மனசு கேட்கவில்லை.

இது நடக்கிற ஊர் எது என்று நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. பர்மா தேக்கில் நிலைக்கதவு செய்த ஆசாரிகளின் ஊர். நிலைக்குக் கதவு பொருந்தவில்லை என்றால் செதுக்கிய யாளியின் தலையையா அறுத்தார்கள்? ஆத்தங்குடியில் இன்றைக்கும் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கையால் கலர் ஊற்றித் தரைக்குப் பதிக்கும் கல் போடுகிறார்கள். ஒரு கல் சதுரம் தப்பினால் தரை முழுக்கப் பூ சேராது. அளவு என்றால் என்ன என்று தெரிந்த ஊரில், ஒரு போட்டோவை அளவு மாற்ற ஆளில்லையா?

இதில் வித்தையும் ஒன்றும் இல்லை. கோரல்டிரா என்ற டிசைன் சாப்ட்வேரில் படத்தின் மூலைப் புள்ளியைப் பிடித்து இழுத்தால் நீளமும் அகலமும் சேர்ந்தே மாறும். பக்கத்தின் நடுவில் இருக்கும் புள்ளியைப் பிடிப்பதால்தான் முகம் கோணுகிறது. போட்டோஷாப்பில் ஒரு காலத்தில் ஷிப்டை அழுத்தினால்தான் விகிதம் நிற்கும். 2018 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து அது தலைகீழ். அழுத்தாவிட்டால் நிற்கும், அழுத்தினால் உடையும். பழைய பழக்கத்தில் அழுத்துகிறவர்கள் உண்டு, அது புரிகிறது. ஆனால் அழுத்திய பிறகு திரையில் அந்த முகம் தெரிகிறதே! அப்போதுமா கை நிற்காது?

விண்ணப்பங்களுக்குப் படம் ஏற்றும்போதும் இந்தக் கூத்து உண்டு. 50 கேபிக்குள் வேண்டும் என்றால் உடனே படத்தை நசுக்குகிறார்கள். கேபியைக் குறைக்க, விகிதம் மாறாமல் சிறிதாக்கினால் போதும், இல்லையென்றால் ஜேபெக்கின் தரத்தைக் கொஞ்சம் இறக்கிச் சேமித்தால் போதும். என் மருமகனின் கையெழுத்தை அப்படி நசுக்கி ஏற்றியதில், அது அவன் கையெழுத்து மாதிரியே இல்லை.

மூன்றாவது முறை நானே போய்ப் பக்கத்தில் நின்றேன். அதே 10க்கு 8 பிரேம்தான். அகலம் 10 வைத்தால் உயரம் ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாக வரும், மீதி இடத்தை மேலும் கீழும் வெள்ளையாக விடுங்கள் என்றேன். கம்ப்யூட்டரில் இருந்த தம்பி, "வெள்ளை தெரியுதேண்ணே" என்றார். தெரியட்டும், ஆள் எல்லாம் இருக்கட்டும் என்றேன். அந்தப் பிரிண்டுக்கும் காசு கேட்டார்கள். கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஆயாவிடம் கொடுத்தேன். வெள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூணுக்குப் பக்கத்தில் தன்னைக் கண்டுபிடித்து, கண்டாங்கிச் சேலையின் முந்தானை சரியாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள்.