10 கோடி சந்தாதாரர்கள் என்ற தகவல் தவறு

'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இணைய விளையாட்டுக்கு மாதக் கட்டணம் செலுத்தும் சந்தாதாரர்கள் 10 கோடிப் பேர் என்றும், அதனால் போட்டி விளையாட்டுகள் அனைத்தும் வீழ்ந்துவிட்டன என்றும் ஒரு செய்தி பகிரப்பட்டு வருகிறது. இது உண்மையல்ல.

10 கோடி என்பது, 2004இல் விளையாட்டு வெளியானதிலிருந்து உருவாக்கப்பட்ட மொத்தக் கணக்குகளின் எண்ணிக்கையாக, இதை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனம் 2014 ஜனவரியில் அறிவித்தது. ஒரு முறை விளையாடிப் பார்த்துவிட்டு விலகியவர்களின் கணக்குகளும் அதில் அடங்கும். 2013 இறுதியில் இருந்த சந்தாதாரர்களோ ஏறத்தாழ 78 லட்சம் பேர்தான். 2010 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 1.2 கோடியே நிறுவனம் வெளியிட்ட உச்ச அளவு. 2015 நவம்பரில் 55 லட்சம் என்று தெரிவித்த நிறுவனம், அத்துடன் இந்த எண்ணிக்கையை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. பிளிசார்டின் தாய் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிசார்ட் அந்நாளில் வெளியிட்ட காலாண்டு நிதி அறிக்கைகளில் இவற்றை யாரும் சரிபார்க்கலாம். சந்தாதாரர் என்று யாரைக் கணக்கிட்டார்கள் என்ற விளக்கமும் அவற்றிலேயே உண்டு.

போட்டியாளர்கள் அழிந்துவிட்டதாகக் கூறுவதும் பிழையே. 2011 டிசம்பரில் சந்தா முறையில் தொடங்கிய 'ஸ்டார் வார்ஸ்: தி ஓல்டு ரிபப்ளிக்', மறு ஆண்டு நவம்பரில் கட்டணமின்றி விளையாடும் வழியையும் திறந்தது, அத்தகைய விளையாட்டைச் சந்தா எண்ணிக்கையால் மட்டும் அளப்பது நியாயமாகாது. இதேபோல, 'ஃபைனல் ஃபேண்டசி 14' குறித்துச் சொல்லப்படும் 3 கோடியும் இலவச முன்னோட்டக் கணக்குகளை உள்ளடக்கிய பதிவு எண்ணிக்கைதான், சந்தா அல்ல.

இந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலும் பகிர வேண்டாம். அனுப்பியவருக்கு இவ்விளக்கத்தைத் தெரிவியுங்கள்.