சம்ப் வழிவதைத் தடுக்க செக் வால்வு மட்டும் போதாது

மீன் தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டிதான் சம்ப். அதிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயில் செக் வால்வு (தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடும் வால்வு) போட்டுவிட்டால் கரண்ட் போனாலும் சம்ப் வழியாது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். புதிதாக இருக்கும்போது சரிதான். ஆனால் வால்வுக்குள் திறந்து மூடும் மடலின் விளிம்பில் கொஞ்சம் பாசியோ ஒரு குட்டி நத்தையோ ஒட்டினாலே அது முழுசாக மூடாது, கசியும், அது தெரியவருவதே கரண்ட் போன அன்றைக்குத்தான்.

மோட்டார் நின்றதும் ரிட்டர்ன் குழாய் சைஃபனாக மாறி, மேலே உள்ள அதன் வாய் தண்ணீரைவிட்டு வெளியே வரும்வரை மீன் தொட்டித் தண்ணீரை இறக்கிக்கொண்டே இருக்கும். 120க்கு 45 செ.மீ. தொட்டியில் ஒரு அங்குலம் இறங்கினாலே 13 லிட்டருக்கு மேல்! குழாய் வாய் நாலு அங்குலம் முங்கியிருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் வாயை நீர்மட்டத்துக்கு ஒட்டி வைப்பதும், இல்லையென்றால் மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் காற்று புக ஒரு சின்ன ஓட்டை போட்டு அதை அவ்வப்போது குத்திச் சுத்தம் செய்வதும், சம்பில் அந்தத் தண்ணீருக்கு இடம் விடுவதும்தான் நம்பகமான வழி. வால்வு கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். வால்வின் மடலைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு வாளி வைத்துக்கொண்டு, மோட்டாரை அணைத்துவிட்டு இறங்குவது நிற்கும்வரை சம்பையே பாருங்கள். வழிகிற மாதிரி வந்தால் குழாய் வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் போதும், உடனே நின்றுவிடும். அப்புறம் வழியாத அளவுக்குத் தண்ணீரைக் குறைத்து, மோட்டார் ஓடும்போது சம்பில் நிற்கும் மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். அதற்கு மேல் ஊற்றாதீர்கள்.