பெடல் வாங்கும் முன் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள்

"டோன் சரியில்லண்ணா, எந்த பிக்கப் மாத்தலாம்?" எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களிடமிருந்து இன்பாக்ஸில் அடிக்கடி வரும் கேள்வி. (பிக்கப் என்றால் கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தப் பகுதி.) பிக்கப் இருக்கட்டும் தம்பி, கம்பி மாற்றி எவ்வளவு நாளாச்சு? பாதிப் பேர் அதற்கப்புறம் பதிலே போடுவதில்லை.

சென்னைக் கடல் காற்றிலும் கை வியர்வையிலும் கோட்டிங் இல்லாத கம்பி சீக்கிரமே செத்துவிடும். கம்பியின் அடியில் நகத்தால் தடவிப் பாருங்கள், ஃப்ரெட் (நெக்கில், அதாவது கிட்டாரின் கழுத்தில், குறுக்கே பதித்த உலோகப் பட்டை) படும் இடமெல்லாம் குழி தட்டும். அதை வைத்துக்கொண்டு பிக்கப்பைத் திட்டுவது அநியாயம்.

அடுத்து பிக்கப் உயரம். கிட்டார் வாங்கிய நாளிலிருந்து அந்தத் திருகைத் தொடாதவர்கள்தான் அதிகம். தொடுபவர்களும் சத்தம் கூடும் என்று மேலே ஏற்றிவிடுவார்கள். நண்பரின் மகன் ஒருவன் அப்படித்தான் ஒரு ஸ்ட்ராட் மாடல் கிட்டாரைக் கொண்டுவந்தான். நெக் வளைந்துவிட்டது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஆறாவது கம்பியில் 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு சுரம் வாசித்தால், அது ஒரு சுரமாக நிற்காமல் இரண்டு சுரம் உரசிக்கொள்வது போல ஆடியது. எவ்வளவு ட்யூன் செய்தாலும் அடங்கவில்லை.

நெக் மேல் குற்றமில்லை. ஸ்ட்ராட்டில் இருப்பது போன்ற, ஒரே கம்பிச்சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப்பின் காந்த முனைகள் கம்பியைத் தன் பக்கம் இழுக்கின்றன. நெக்குக்குப் பக்கத்தில் இருக்கும் பிக்கப்புக்கு மேலே கம்பி அதிகம் அசைவதால் அங்கே தொல்லையும் அதிகம். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பிக்கும் முனைக்கும் நடுவே அளந்து பார்க்க வேண்டும். தடித்த கம்பிப் பக்கம் 2 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், மெல்லிய பக்கம் அதைவிடச் சற்றுக் குறைவு, இது நல்ல தொடக்கம். கால் சுற்று, கால் சுற்றாக இறக்கினோம். ஆட்டம் நின்றது. சத்தம் குறைந்ததே என்றான். அதற்குத்தானே ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) வால்யூம் வைத்திருக்கிறார்கள்! இரட்டைக் காயில் பிக்கப்பான ஹம்பக்கரில் காந்தம் காயில்களுக்கு அடியில் இருப்பதால் இந்தப் பிரச்சினை குறைவு.

கேபிளைப் பற்றிச் சுருக்கமாக: நீளம் கூடக் கூட ட்ரெபிள் (உச்ச ஒலி) குறையும். வீட்டில் வாசிக்க 10 மீட்டர் எதற்கு?

ஆம்புக்கு வருவோம். பேஸ் (அடியொலி) பத்து, ட்ரெபிள் பத்து, மிட் (நடு ஒலி) பூஜ்யம் என்று நாப்களை வைப்பார்கள். தனியாக அறையில் வாசிக்கும்போது இது பிரமாதமாகத்தான் இருக்கும். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு அடியொலியும் உச்ச ஒலியும் சரியாக எட்டாது என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933லேயே எழுதிவிட்டார்கள். அதை ஈடுகட்டத்தான் கை தானாக அந்த இரண்டையும் ஏற்றுகிறது. அப்படியே பேண்டோடு வாசித்தால் பேஸ் கிட்டாரும் சிம்பலும் இரண்டு முனையையும் பிடுங்கிக்கொள்ளும், உங்களுக்கு மிஞ்சுவது மிட் மட்டும். அதைத்தான் பூஜ்யத்தில் வைத்திருக்கிறீர்களே.

எல்லாவற்றையும் ஐந்தில் வைத்தால் சமமாகிவிடும் என்பதும் தப்பு. ஃபெண்டர் கம்பெனி ஆம்ப் வகை டோன் சர்க்யூட்டில் நாப்கள் நடுவில் நின்றாலும் மிட் ஏற்கெனவே பள்ளமாகத்தான் இருக்கும். அவர்களுடைய டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்பில் மிட் நாபே கிடையாது, பேஸைக் குறைத்துத்தான் மிட்டை வெளியே கொண்டுவர முடியும். அப்புறம், ஆம்பைத் தரையில் வைத்து முழங்காலுக்கு வாசிக்காதீர்கள். ட்ரெபிள் நேர்கோட்டில் போகிற சமாச்சாரம், ஒரு நாற்காலி மேல் தூக்கி வையுங்கள்.

டிஸ்டார்ஷன் பெடலை (ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் அழுத்தும் பெட்டி) நேராகக் கம்ப்யூட்டரிலோ கீபோர்டு ஆம்பிலோ செருகிவிட்டு "கொசு கத்துற மாதிரி இருக்கு" என்பவர்கள் தனி ரகம். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலியை வெட்டிவிடும். அந்த வெட்டு இல்லாவிட்டால் கொசுதான். கேபினெட் சிமுலேஷன் (கிட்டார் ஸ்பீக்கர் பெட்டியைப் போல ஒலியை மாற்றும் வசதி) போடுங்கள், தீர்ந்தது.

இரைச்சலா? டிம்மர் வகை ஃபேன் ரெகுலேட்டரை அணைத்துப் பாருங்கள். அதோடு, மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்ட்டரில் சொருகியிருந்தால் உடனே கழற்றுங்கள். எர்த் இல்லாத ஆம்போடு கம்பியைத் தொட்டு விளையாடாதீர்கள், ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து.

இத்தனையும் பார்த்த பிறகும் டோன் பிடிக்கவில்லையா? சரி, செலவு செய்யுங்கள். ஆனால் பிக்கப்புக்கு அல்ல. ஆறு இன்ச் ஸ்பீக்கர் உள்ள ப்ராக்டிஸ் ஆம்பில் எந்த பிக்கப்பைப் போட்டாலும் அந்தப் பெட்டியின் குரல்தான் வெளியே வரும். பழைய பன்னிரண்டு இன்ச் ஆம்ப் ஒன்று செகண்ட்ஹேண்டில் கிடைக்கிறதா என்று தேடுங்கள்.