3(கே) பிரிவில் கை வைக்காதீர்கள்

ஸ்டார்ட்அப் கூட்டங்களில் இப்போதெல்லாம் "அமெரிக்கா மாதிரி இங்கேயும் சாஃப்ட்வேருக்குத் தாராளமா பேட்டன்ட் கொடுக்கணும்" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பேட்டன்ட் என்றால், ஒரு கண்டுபிடிப்பை மற்றவர்கள் பயன்படுத்தவிடாமல் தடுக்கும் உரிமை. சென்னை ஓஎம்ஆரில் ஒரு சின்னக் கம்பெனியில் சாஃப்ட்வேர் கோடு எழுதிப் பிழைக்கிறவன் நான். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

கம்ப்யூட்டர் புரோகிராம் அதனளவில் கண்டுபிடிப்பு ஆகாது, அல்காரிதமும் (ஒரு வேலையைச் செய்யும் படிமுறை) கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது நம் காப்புரிமை (பேட்டன்ட்) சட்டத்தின் 3(கே) பிரிவு. 2004 டிசம்பரில் அவசரச் சட்டம் போட்டு இதைத் தளர்த்தப் பார்த்தார்கள். இடதுசாரிகள் உட்படப் பலர் எதிர்த்து நின்றதால் 2005இல் நாடாளுமன்றம் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அன்று அவர்கள் செய்தது பெரிய காரியம்.

அமெரிக்காவில் என்ன நடந்தது? ஒரே கிளிக்கில் பொருள் வாங்குவதற்கு 1999இல் பேட்டன்ட் வாங்கிய அமேசான், அடுத்த மாதமே பார்ன்ஸ் அண்ட் நோபிள் புத்தகக் கடை மேல் கேஸ் போட்டது. அதே அமேசான், ஆன்லைன் ஷாப்பிங் கார்ட் பேட்டன்ட்டைக் கையில் வைத்திருந்த சாவரெய்ன் கம்பெனிக்கு 2005இல் 4 கோடி டாலர் கொடுத்து ஒதுங்கியது. நியூஎக் என்ற ஆன்லைன் கடை மட்டும் விடாமல் மோதி, அது செல்லாது என்று 2013இல் அப்பீலில் ஜெயித்தது. அத்தனை வருஷம் வக்கீலுக்குக் கொட்ட எத்தனை பேரிடம் பணம் இருக்கும்?

அமெரிக்க கிளையன்ட் அனுப்பும் காண்ட்ராக்டில் இன்டெம்னிட்டி என்று ஒரு பத்தி வரும். நாம் எழுதிக் கொடுத்ததன் மேல் யாராவது பேட்டன்ட் கேஸ் போட்டால் வக்கீல் செலவு, நஷ்டஈடு எல்லாம் நம் தலையில். சிலவற்றில் அதற்கு உச்சவரம்பே இருக்காது. இருபது பேருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி வேறு வழியில்லாமல் அதில் கையெழுத்துப் போடுகிறார். இன்று அந்தப் பயம் வெளிநாட்டு வேலையோடு நிற்கிறது. 3(கே) போய்விட்டால், அம்பத்தூர் பட்டறைக்கு எழுதித் தரும் பில்லிங் சாஃப்ட்வேருக்கும் அது வந்துவிடும்.

உழைப்புக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்பார்கள். எழுதிய கோடுக்குக் காப்பிரைட் இருக்கிறது. கம்பெனி ரகசியம் போனால் அதற்கும் வழக்கு உண்டு. நம் ஊரில் வளர்ந்த ஸோஹோ 2020இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் மேல் கலிபோர்னியாவில் போட்டது அந்த வகை வழக்குதான். மறு வருஷம் சமரசமானது. காப்பிரைட்டும் சிக்கல் இல்லாததல்ல. சுமார் 11,500 வரி புரோகிராமுக்காக ஆரக்கிளும் கூகுளும் 2010 முதல் 2021 வரை இழுத்தார்கள். ஆனால் யாரையும் பார்க்காமல் நாமே யோசித்து எழுதியதற்குக் காப்பிரைட்டில் கேஸ் நிற்காது. பேட்டன்ட்டில் நிற்கும். எனக்கு அதுதான் ஆறவில்லை.

இப்போதே 'தொழில்நுட்ப விளைவு', அதாவது கம்ப்யூட்டர் வேலை செய்யும் விதத்தையே மேம்படுத்துவது போன்ற பலன், காட்டுகிற விண்ணப்பங்களுக்கு வழி இருக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2019 ஃபெரித் அல்லானி தீர்ப்பு அந்தக் கதவை நன்றாகவே திறந்துவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

நண்பர்களே, விண்ணப்பங்களை வெளியிடும் பேட்டன்ட் ஆபீஸின் 'பேட்டன்ட் ஜர்னல்' வெள்ளிக்கிழமைதோறும் ஆன்லைனில் வெளியாகிறது. வெளியான விண்ணப்பத்தை, பேட்டன்ட் கொடுப்பதற்கு முன்பு, யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம் என்கிறது 25(1) பிரிவு. நமக்கான பேட்டன்ட் ஆபீஸ் கிண்டியிலேயே இருக்கிறது. உங்கள் துறை விண்ணப்பங்களைப் படியுங்கள். பல வருஷமாக எல்லோரும் செய்கிற வேலைக்கு ஒருவர் உரிமை கேட்டிருந்தால், பழைய ஆதாரத்தோடு எதிர்ப்பு மனு போடுங்கள்.