மாசு எல்லாம் ஒரே ரகம் இல்லை
“உருக்கில் வேறு தனிமம் கலக்காவிட்டால் ஐதரசன் தொல்லையே இல்லை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐதரசன் அணுக்கள் உள்ளே புகுந்தால் உருக்கு நொறுங்கும் தன்மை பெற்று வெடிக்கும்; அதுதான் அந்தத் தொல்லை. பாதிதான் சரி. கந்தகம் மங்கனீசோடு சேர்ந்து உருக்குக்குள் நீள இழைகளாகப் படுத்திருக்கும். ஐதரசன் அங்கே ஒதுங்கி, வெடிப்பு தொடங்கும். பொசுபரசு உருக்கின் மணி எல்லைகளை, அதாவது உருக்கிலுள்ள நுண்ணிய படிக மணிகள் ஒன்றோடொன்று ஒட்டும் இடங்களை, பலவீனமாக்கும். ஆனால் வனேடியமும் இரும்புக்கு அந்நியம்தானே? அது காபனோடு சேர்ந்து உண்டாகும் நுண்ணிய காபைட்டுத் துகள்கள் ஐதரசன் அணுக்களைப் பிடித்து வைத்து, ஓடவிடாமல் தடுக்கும். அதற்காகவும் அதைச் சேர்க்கிறார்கள்.

அப்புறம், சுத்தமான உருக்கும் தப்பாது. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் நாகம் (zinc) பூசிய அதிவலு போல்ட் வாங்கினால், பூசிய கையோடு 200 பாகை செல்சியஸ் அளவில் சில மணிநேரம் சூடாக்கினார்களா என்று கேளுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. அமிலத்தில் கழுவும்போதும் பூசும்போதும் உள்ளே போன ஐதரசன் அந்தச் சூட்டில்தான் வெளியேறும்.